சிக்னலும் காரும் பேசிக்கொண்டால் விபத்து குறையுமா? வி2எக்ஸ் தொழில்நுட்பம் 25 ஆண்டுகளாகியும் ரோட்டுக்கு முழுசாக வராதது ஏன்?

பச்சை விழுந்துவிட்டது, வண்டியைக் கிளப்புகிறீர்கள். பக்கத்து லேனில் நிற்கும் லாரி இடதுபுறத்தை முழுசாக மறைக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கார், சிவப்பு சிக்னலைக் கண்டுகொள்ளாமல் பாய்ந்து வருகிறது. உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. உங்கள் காரில் கேமராவும் ரேடாரும் இருந்தாலும் அவற்றுக்கும் தெரியாது. மனிதக் கண் மாதிரியே அவையும் நேர்க்கோட்டில்தான் பார்க்கும். நடுவில் லாரி வந்தால் அவ்வளவுதான்.

இப்போது அந்தக் காரே, 'நான் இங்கே வர்றேன், இந்த வேகத்துல வர்றேன், இன்னும் பிரேக் போடலை' என்று சுற்றியிருக்கும் எல்லா வண்டிகளுக்கும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே வந்தால்? ரேடியோ அலை லாரியின் ஓரங்களில் வளைந்தும், சுவர்களில் பட்டுத் திரும்பியும் உங்கள் காருக்கு வந்து சேர்ந்துவிடும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் முன்பே டேஷ்போர்டில் எச்சரிக்கை ஒலிக்கும்.

இதுதான் வி2எக்ஸ். சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்லை. இதற்கென்று அமெரிக்கா தனி அலைவரிசை ஒதுக்கியது 1999-ல். இன்றைக்கு நாம் பயன்படுத்துகிற ஸ்மார்ட்போனே அப்போது கிடையாது. சோதனைகளில் வேலை செய்து காட்டிய பிறகும் இது நம் ரோட்டுக்கு வராமல் போனதற்கு என்ன காரணம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வி2எக்ஸ் என்றால் என்ன?

'வெஹிக்கிள் டு எவ்ரிதிங்' என்பதன் சுருக்கம்தான் வி2எக்ஸ். வாகனம் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றோடும் பேசும் ஏற்பாடு. காரும் காரும் பேசினால் வி2வி. காரும் சாலைக் கட்டமைப்பும், அதாவது சிக்னல், டோல்கேட், ரோட்டோரக் கம்பத்தில் இருக்கும் கருவி ஆகியவையும் பேசினால் வி2ஐ. நடந்து போகிறவர் கையில் இருக்கும் போனோடு பேசினால் வி2பி.

இதில் வி2ஐ நமக்குப் புதுசு இல்லை. கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக், அதன் மிக எளிய வடிவம். டோல்கேட்டில் இருக்கும் ஆன்டெனா அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு, அந்த ஸ்டிக்கர் தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி தேவையில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது 'நான் யார்' என்ற ஒரே ஒரு விஷயம்தான். 'எங்கே இருக்கேன், எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் திரும்பறேன்' என்பதெல்லாம் தெரியாது. வி2எக்ஸ் சொல்வது அதைத்தான்.

அப்படி என்னதான் பேசிக்கொள்ளும்?

ஒவ்வொரு வண்டியும் ஒரு சிறிய தகவலை விநாடிக்கு சுமார் 10 முறை ஒலிபரப்பும். வண்டி இருக்கும் இடம், வேகம், திசை, வேகம் கூடுகிறதா குறைகிறதா, பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா, வண்டியின் நீள அகலம் ஆகியவை அதில் இருக்கும். அதைக் கேட்கிற மற்ற வண்டி, 'இரண்டு பேரும் இப்படியே போனால் மோதுவோமா?' என்று கணக்குப் போடும். மோதுகிற மாதிரி இருந்தால் மட்டும் டிரைவரை எச்சரிக்கும்.

சிக்னல் பக்கத்திலிருந்து இரண்டு தகவல்கள் வரும். இப்போது எந்த விளக்கு எரிகிறது, அது எத்தனை விநாடியில் மாறும் என்பது ஒன்று. அந்தச் சந்திப்பில் எத்தனை லேன், எந்த லேன் எந்தப் பக்கம் போகும் என்ற வரைபடம் மற்றொன்று. இரண்டும் கையில் இருந்தால், இந்த வேகத்தில் போனால் சிவப்பில் மாட்டுவோமா, பச்சையில் தாண்டிவிடுவோமா என்று கார் முன்கூட்டியே சொல்லிவிடும்.

சாதாரண வைஃபை போதாதா?

வீட்டு வைஃபையில் போன் கனெக்ட் ஆவதைக் கவனித்திருப்பீர்கள். நெட்வொர்க்கைத் தேடி, அனுமதி கேட்டு, உறுதிசெய்து, அப்புறம்தான் டேட்டா ஓடும். ஒன்றிரண்டு விநாடி போனாலும் வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ரோட்டில் அந்த நேரம் கிடையாது.

ஒரு கணக்கு. இருவழிச் சாலையில் பஸ்ஸை ஓவர்டேக் செய்ய ஒரு கார் வெளியே வருகிறது. எதிரே இன்னொரு வண்டி. இரண்டும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். அப்படியென்றால் இரண்டும் விநாடிக்கு 44 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. இந்த ரேடியோக்கள் சுமார் 300 மீட்டர் தூரம் எட்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் தகவல் கிடைத்ததிலிருந்து மோதலுக்கு 7 விநாடிகூட இல்லை. எச்சரிக்கையைக் கேட்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே மனிதருக்கு ஒன்றரை, இரண்டு விநாடி ஆகும். மிச்சம் இருப்பது வண்டி நிற்பதற்கான நேரம்.

அதனால்தான் 802.11பி என்ற தனி வைஃபை வகையை உருவாக்கி 2010-ல் தரநிலையாக அறிவித்தார்கள். இதில் 'கனெக்ட்' ஆகும் சடங்கே கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்காமல் நேரடியாக ஒலிபரப்பும், கேட்கிறவர் கேட்டுக்கொள்ளலாம். நடுவில் டவர் இல்லை, இன்டர்நெட் இல்லை, மாதாந்திர ரீசார்ஜும் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு டிஎஸ்ஆர்சி என்று பெயர்.

நிஜ ரோட்டில் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள், பெரிய அளவிலேயே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரில், 2012 ஆகஸ்டில் கிட்டத்தட்ட 3,000 வாகனங்களில் இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். ஓட்டியவர்கள் அந்த ஊர் மக்கள். அலுவலகம் போவது, குழந்தையைப் பள்ளியில் விடுவது என்று வழக்கமான வேலைகளுக்கே அந்த வண்டிகள் ஓடின.

அந்தத் தரவுகளோடு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு வசதிகள்தான். ஒன்று, சந்திப்பில் குறுக்கே வரும் வண்டியைப் பற்றி எச்சரிப்பது. மற்றொன்று, எதிர்வரும் வண்டிகளைக் கடந்து திரும்பும்போது எச்சரிப்பது. அவர்களுக்கு அது இடது திருப்பம், இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு வலது திருப்பம். எல்லா வாகனங்களிலும் இந்த இரண்டும் வந்துவிட்டால் ஆண்டுக்கு அதிகபட்சம் 5,92,000 விபத்துகளைத் தவிர்க்கலாம், 1,083 உயிர்களைக் காப்பாற்றலாம் என்றது அறிக்கை. 2020 வாக்கில் ஒரு காருக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 350 டாலர் என்றும் கணித்தது.

அடுத்து, 2015-ல் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றிலும் பிரச்சினை வேறு வேறு.

வயோமிங்: மாநிலத்தின் குறுக்கே 402 மைல் ஓடும் ஐ-80 நெடுஞ்சாலை. குளிர்காலத்தில் பலத்த காற்றில் லாரிகள் கவிழ்ந்துவிடும். பனியில் முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. லாரிகளுக்கு ரோட்டோரக் கருவிகள் மூலம் எச்சரிக்கை அனுப்புவதுதான் திட்டம்.

டாம்பா, ஃபுளோரிடா: காலையில் ஒரு திசை, மாலையில் எதிர்த்திசை என்று மாறும் எக்ஸ்பிரஸ் சாலை. தவறான நேரத்தில் ஏறிவிடும் வண்டியை எச்சரிப்பதும், எதிரே வருகிறவர்களுக்குச் சொல்வதும் முக்கிய நோக்கம். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் 'ராங் சைடு' எச்சரிக்கை.

நியூயார்க்: நெரிசலான நகரம், ஏராளமான பாதசாரிகள், வானுயர்ந்த கட்டடங்கள். ஜிபிஎஸ்ஸே திணறும் இடம்.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இதைவிட எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். ரெட்வுட் சாலையில் ஓடும் பஸ், அட்டவணைக்குப் பின்தங்கினால் மட்டும் சிக்னலிடம் 'கொஞ்சம் பச்சையை நீட்டிக்கொடு' என்று கேட்கும். சரியான நேரத்தில் ஓடும் பஸ் கேட்காது. 2017-ல் இது நடைமுறைக்கு வந்தது.

எல்லாம் நன்றாகத்தானே போனது, பிறகு என்ன?

2017 ஜனவரியில் என்எச்டிஎஸ்ஏ, புதிய கார்கள் அனைத்திலும் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை வெளியிட்டது. அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் சிடிஎஸ் மாடலில் வி2வி வசதியைக் கொடுத்தது. 'இதோ வந்துவிட்டது' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த வரைவு விதி கடைசிவரை சட்டமாகவில்லை. 2023-ல் அதிகாரபூர்வமாகவே கைவிடப்பட்டது.

இடையில் நடந்தது ஓர் அலைவரிசைச் சண்டை.

1999-ல் ஒதுக்கியது 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. பக்கத்திலேயே வைஃபை அலைவரிசை நெரிசலில் தவித்துக்கொண்டிருந்தது. பிறகு கொரோனா வந்தது. வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைன் வகுப்பு, இரவில் ஓடிடி. 2020 நவம்பரில், அஜித் பய் தலைமையிலான அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அந்த 75-ல் 45 மெகாஹெர்ட்ஸை எடுத்து வைஃபைக்குக் கொடுத்துவிட்டது. வாகனங்களுக்கு மிஞ்சியது 30. போக்குவரத்துத் துறை எதிர்த்தது. மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கமும் மற்றோர் அமைப்பும் நீதிமன்றம் போயின. 2022 ஆகஸ்டில் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது.

யோசித்துப் பார்த்தால் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. உயிர்காக்கும் அலைவரிசையை ஏன் எடுத்தீர்கள் என்பது ஒரு கேள்வி. 20 ஆண்டுகளாக அதைக் கொண்டு எத்தனை உயிரைக் காப்பாற்றினீர்கள் என்பது பதில் கேள்வி.

வைஃபையா, செல்போனா?

இதற்குள் வேறு ஒரு போட்டியும் முளைத்துவிட்டது. செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 4ஜி-யை அடிப்படையாகக் கொண்ட சி-வி2எக்ஸ் முறையை 2017-ல் முடித்தது. 2020-ல் 5ஜி வடிவமும் வந்தது. டவர் இல்லாமலேயே வண்டிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள இதிலும் வழி உண்டு. தேவைப்பட்டால் அதே சிப் மூலம் டவர் வழியாகத் தொலைதூரத் தகவலும் பெறலாம்.

பிரச்சினை என்னவென்றால், டிஎஸ்ஆர்சி பேசுவது சி-வி2எக்ஸுக்குப் புரியாது. இரண்டு பேரும் ஒரே ரோட்டில் போனாலும் ஒருவருக்கு ஒருவர் செவிடு. ஆகவே கார் கம்பெனிகள் 'யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கலாம்' என்று காத்திருந்தன. அமெரிக்காவில் 2021 முதல் டிஎஸ்ஆர்சி தருவோம் என்று 2018-ல் அறிவித்த டொயோட்டா, மறு ஆண்டே அதை நிறுத்திவைத்தது. ஃபோர்டு சி-வி2எக்ஸ் பக்கம் போனது. ஐரோப்பாவில் வைஃபை முறையை முன்னிறுத்திய விதியை 2019 ஜூலையில் உறுப்பு நாடுகள் நிராகரித்தன. ஆனாலும் ஃபோக்ஸ்வேகன் அதே ஆண்டு தன் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில் வைஃபை முறையையே கொடுத்தது.

சீனா குழம்பவில்லை. 2018-லேயே சி-வி2எக்ஸுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி, வூஷி நகரில் சிக்னல்களோடு சேர்த்துச் சோதனையை விரிவாக்கியது. ஜப்பான் தனி வழியில் 760 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தது. அதிர்வெண் குறைவாக இருப்பதால் அந்த அலை கட்டட மூலைகளில் நன்றாக வளையும். 2015-லேயே டொயோட்டா கிரவுன் காரில் அதைக் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவில் 2024 நவம்பரில்தான் இந்தச் சண்டைக்கு முடிவு வந்தது. மிஞ்சிய 30 மெகாஹெர்ட்ஸ் சி-வி2எக்ஸுக்கு, டிஎஸ்ஆர்சிக்கு விடை. அதற்குச் சில மாதங்கள் முன்பு வெளியான தேசியத் திட்டம், 2028-க்குள் தேசிய நெடுஞ்சாலைகளில் 20 சதவீதத்திலும், 75 பெருநகரங்களின் சிக்னல் சந்திப்புகளில் 25 சதவீதத்திலும் இந்த வசதியைக் கொண்டுவர இலக்கு வைத்தது.

முதல் கார் வாங்குகிறவருக்கு என்ன லாபம்?

இதுதான் வி2எக்ஸின் பெரிய தலைவலி. ஏர்பேக் வாங்கினால் அன்றே உங்களுக்குப் பயன். வி2வி கருவி வாங்கினால், எதிரே வருகிறவரிடமும் அது இருந்தால்தான் பயன். ஊரில் முதல் ஆளாக வாட்ஸ்அப் போட்டவர் யாருக்கு மெசேஜ் அனுப்புவார்?

கணக்காகவே பார்க்கலாம். 10 சதவீத வண்டிகளில் கருவி இருந்தால், சந்திக்கும் இரண்டு வண்டிகளிலும் அது இருப்பதற்கான வாய்ப்பு 1 சதவீதம்தான். 30 சதவீதமானாலும் 9 சதவீதம். பாதி வண்டிகளில் வந்த பிறகும் நான்கில் மூன்று சந்திப்புகளில் பயன் கிடையாது.

ஆனால் சிக்னலில் கருவி வைத்துவிட்டால் கதையே மாறுகிறது. முதல் வண்டிக்கே பயன் கிடைக்கும், ஏனென்றால் சிக்னல் எப்போதும் அங்கேயே இருக்கிறது. அதோடு, சந்திப்பில் கேமராவோ ரேடாரோ இருந்தால், கருவி இல்லாத வண்டியையும் ரோட்டைக் கடக்கும் மனிதரையும் அதுவே பார்த்து, கருவி உள்ள வண்டிகளுக்குச் சொல்லிவிடும். அதனால்தான் சாலைக் கட்டமைப்பு முதலில் பேசத் தொடங்க வேண்டும் என்ற வாதத்துக்கு இவ்வளவு பலம்.

ஹேக் செய்ய முடியாதா?

நியாயமான பயம். ஒருவர் பொய்த் தகவல் அனுப்பினால்? இதற்காக ஒவ்வொரு தகவலும் டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். அந்தக் கையெழுத்தில் பெயரோ வண்டி எண்ணோ இருக்காது. உங்களை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக, வண்டி தன் சான்றிதழை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்க வடிவமைப்பில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 சான்றிதழ்கள்.

ஆனால் கையெழுத்து உண்மையாக இருந்தும் சொல்கிற விஷயம் பொய்யாக இருக்கலாமே? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் அதைத்தான் காட்டினார்கள். வண்டிகள் அனுப்பும் தகவலை வைத்துப் பச்சை நேரத்தை முடிவுசெய்யும் சிக்னல் மென்பொருளைக் கணினி மாதிரியில் சோதித்தார்கள். ஒரே ஒரு வண்டி தன் இடத்தையும் வேகத்தையும் தவறாகச் சொன்னாலே சந்திப்பு அடைத்துக்கொண்டது. அரை நிமிடத்தில் தாண்ட வேண்டிய தூரத்துக்கு 22 சதவீத வண்டிகள் 7 நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டன. சிக்னல் சொன்னதை அப்படியே நம்பாமல், தன் சொந்தச் சென்சாரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இதில் கிடைத்த பாடம்.

இன்னொரு சிக்கல் ஜிபிஎஸ். திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர்தான். கத்திப்பாரா மேம்பாலத்தின் மேலே போகிற வண்டிக்கும் கீழே போகிற வண்டிக்கும் மேப்பில் புள்ளி ஒன்றுதான். இதை நுணுக்கமாகப் பிரிக்கத் தெரியாத கருவி, சும்மா சும்மா அலறும். நான்கு தடவை பொய்யாக அலறினால் ஐந்தாவது தடவை டிரைவர் அதை ஆஃப் செய்துவிடுவார்.

நம்ம ரோட்டுக்கு இது சரிப்படுமா?

தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

ஆனால் இறந்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்துபோனவர்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் காருக்கு வெளியே இருந்தவர்கள். கார்களில் மட்டும் இந்தக் கருவியைப் பொருத்தினால், ரோட்டில் அதிகமாகச் சாகிறவர்கள் அந்த உரையாடலுக்குள்ளேயே வர மாட்டார்கள்.

டூவீலரில் இதைக் கொண்டுவரும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஹோண்டா, யமஹா, பிஎம்டபிள்யூ ஆகியவை சேர்ந்து 2016-ல் இதற்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. ஆனால் பைக்கில் ஆன்டெனா வைக்க இடம் குறைவு, ஓட்டுபவரின் உடலே அலையை மறைக்கும், வளைவில் வண்டி சாயும்போது கணக்கு மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக விலை. காரின் விலையில் காணாமல் போகிற சில ஆயிரம் ரூபாய், டூவீலர் விலையில் கண்ணை உறுத்தும். நடந்துபோகிறவரின் போனையே கருவியாக்கலாம் என்றால், பேட்டரியும் 5 மீட்டர் பிசகும் குறுக்கே நிற்கின்றன.

அதனால் இந்தியாவுக்குப் பொருத்தமான தொடக்கம், விலை உயர்ந்த கார்களைவிடச் சாலைச் சந்திப்புகளாக இருக்கலாம். ஆம்புலன்ஸ் வருவதைச் சிக்னல் தெரிந்துகொண்டு வழிவிடுவது, தாமதமாக ஓடும் அரசுப் பேருந்துக்குப் பச்சையை நீட்டிப்பது, பாதசாரி கடக்கிறார் என்று கம்பத்தில் இருக்கும் சென்சார் சொல்வது. இவற்றுக்கெல்லாம் எல்லா வண்டியிலும் கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நம்மிடமே ஓர் அனுபவமும் இருக்கிறது. ஃபாஸ்டேக் பல ஆண்டுகள் 'இஷ்டப்பட்டால் ஒட்டிக்கொள்ளலாம்' என்றுதான் இருந்தது. 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கி, இல்லாதவர்களுக்கு இரட்டைக் கட்டணம் என்றதும் நிலைமை மாறியது. அதற்கு முன்பே டோல்கேட்டுகளில் ரீடர்கள் தயாராக இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் சாலை தயாரானது, பிறகு விதி வந்தது, வண்டிகள் தாமாகப் பின்தொடர்ந்தன.

அமெரிக்காவில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒன்றுசேரவே இல்லை. அலைவரிசை இருந்தபோது விதி இல்லை, விதி வரப்போன நேரத்தில் தொழில்நுட்பச் சண்டை, சண்டை முடிவதற்குள் அலைவரிசையில் பாதிக்கு மேல் போய்விட்டது. எந்த அலைவரிசை, எந்த முறை, எந்தச் சாலை முதலில் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒன்றாகப் பதில் சொல்கிற நாட்டில்தான் சிக்னலும் காரும் பேசத் தொடங்கும். இந்தியா அந்தப் பதில்களைத் தேடும்போது நான்காவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்: டூவீலரில் போகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது?